நுரைப்பலகை வண்டி: உறையைத் தேர்வதற்கு முன் பசையைத் தேருங்கள்

எடை குறைந்த முகாம் டிரெய்லர் ஒன்றை நுரைப்பலகையால் நீங்களே கட்டப் போகிறீர்கள். 40 மில்லிமீட்டர் தடிமனில் நீலப் பலகை வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதன் மேல் கான்வாஸ் துணியை ஒட்டிப் பெயிண்ட் அடிப்பதா, ஃபைபர் கிளாஸ் போடுவதா, அலுமினியத் தகடா, மெல்லிய பிளைவுட்டா, எது எடை குறைவு, எது நீடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியின் மொத்த எடை 300 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும், இதற்கு முன் ரெசினை, அதாவது ஊற்றிய பிறகு இறுகிக் கெட்டியாகும் பிசினை, தொட்டதே இல்லை என்றும் கேள்வியின் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கண்ணில் பட்டது. நான்கு பொருள்களில் ஒன்றைப் பொறுக்கித் தருவது சுலபம். அதற்கு முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன. அந்த உறை வண்டியின் பாரத்தைச் சுமக்கப் போகிறதா, உள்ளே மரச்சட்டம் சுமக்க, இது மழைச்சட்டையாக மட்டும் இருக்கப் போகிறதா? சுமக்கப் போகிறது என்றால், அதை நுரையிலிருந்து பிரியாதபடி ஒட்ட உங்கள் கொட்டகையில், உங்கள் கையால் முடியுமா? இவற்றுக்கு விடை கிடைத்தால் பொருள் தானாகவே முடிவாகிவிடும்.

நான் இருபது ஆண்டுகள் ஃபைபர் கிளாஸ் படகுகளைச் செப்பனிடும் வேலை பார்த்தவன். நடுவே நுரை வைத்த தளங்களும் சுவர்களும் ஏன் பிரிந்தன என்று அறுத்துத் திறந்து பார்ப்பதே அந்த வேலையில் பாதி. எனக்காக இரண்டு நுரை வண்டிகள் கட்டியிருக்கிறேன். முதலாவதற்குக் கான்வாஸ், இரண்டாவதற்குக் கண்ணாடி இழைத் துணியும் (ஃபைபர் கிளாஸ்) எபாக்சி என்ற ரெசினும். பிளைவுட் எனக்குப் பழகிய பொருள். அலுமினியத்தை நுரையோடு ஒட்டிய அனுபவம் மட்டும் குறைவு. அந்த இடம் வரும்போது என் சொல்லைச் சற்றுத் தள்ளி வைத்தே படியுங்கள்.

இரு பக்கமும் உறை ஒட்டிய நுரைப்பலகை எப்படி வேலை செய்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பலகை வளையும்போது ஒரு பக்கத்து உறை இழுபடுகிறது, மறுபக்கத்து உறை அமுங்குகிறது. நடுவில் இருக்கும் நுரை அவை இரண்டையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று வழுக்கிப் போகாமல் தடுக்கிறது. 3 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை நேராக ஒட்டினால் 6 மில்லிமீட்டர் பலகை ஒன்று கிடைக்கும். அதே இரண்டுக்கும் நடுவே உங்கள் 40 மில்லிமீட்டர் நுரையை வைத்து ஒட்டினால், காகிதக் கணக்குப்படி விறைப்பு ஏறக்குறைய 150 மடங்காகிறது. நுரை கொஞ்சம் நெளிந்து கொடுக்கும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு வராது. அதில் ஒரு பகுதி வந்தாலே உங்கள் சுவருக்குத் தாராளம். இதற்காகக் கூடும் நுரையின் எடை சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆனால் பசை விட்டுப்போன இடத்தில் இந்தக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். அங்கே இருப்பவை தனித்தனியான இரண்டு மெல்லிய தகடுகளும் நடுவில் சும்மா கிடக்கும் நுரையும்தான். வெளிப்பக்கம் மட்டும் உறை போட்டுவிட்டு உட்பக்கத்தை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். போதாக்குறைக்கு, ஒரு பக்கம் சுருங்கிப் பலகை வில்லாக வளைந்து நிற்கும்.

அடுத்து, கையில் இருக்கும் நுரை எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குண்டு குண்டாக உதிர்வது தெர்மாகோல். அடர்ந்து, நுண்ணிய அறைகளோடு, மேலே வழவழப்பாக இருப்பது எக்ஸ்.பி.எஸ். எனப்படும் பிதுக்கி வார்த்த பாலிஸ்டைரீன். நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ வருவது பெரும்பாலும் இதுதான். இரண்டும் பாலிஸ்டைரீனே. ஆகவே இரண்டுக்கும் ஒரே எமன்: ஸ்டைரீன் கலந்த ரெசின். படகுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பயன்படும் சாதாரண பாலியஸ்டர் ரெசினிலும், அதைவிட உயர்ந்த வினைல் எஸ்டரிலும் ஸ்டைரீன் இருக்கிறது. ஊற்றிய சில நொடிகளில் நுரை குழிந்து, கூழாகிப் போகும். எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்த ஒரு பையன் தெர்மாகோல் துண்டின் மேல் ரெசின் வாளியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். வாளியின் வெளிப்புறம் வழிந்த ரெசினே அடியில் இருந்த துண்டைத் தின்று முடித்திருந்தது. கார்களுக்குப் பூசும் பட்டியும் பாலியஸ்டர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பள்ளத்தை நிரப்பத் தடவினால் பள்ளம் பெரிதாகும். ஸ்ப்ரே பெயிண்ட், தின்னர், பெட்ரோல், பெரும்பாலான காண்டாக்ட் பசைகள் எல்லாம் இதே வகை. எபாக்சி பூசி மூடிவிட்டு அதன் மேல் பாலியஸ்டர் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஊசி முனையளவு துளை ஒன்று தப்பியிருந்தால் போதும். உள்ளே ஒரு குகை உருவாகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஆக இந்த நுரைக்கு ரெசின் என்றால் எபாக்சி மட்டும்தான். பாலியஸ்டரில்தான் வேலை செய்ய முடியும் என்றால், பாலியூரித்தேன் நுரையோ பி.வி.சி. நுரையோ வாங்குங்கள், அவை தாங்கும்.

எந்த உறையாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. எக்ஸ்.பி.எஸ். பலகையின் வழவழப்பான மேற்பரப்பில் எந்தப் பசையும் மனப்பூர்வமாகப் பிடிக்காது. 60-ஆம் எண் உப்புத்தாளை ஒரு நீண்ட கட்டையில் ஒட்டி, பளபளப்பு முழுவதும் போகும் வரை தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுங்கள். வெயிலில் சில வாரங்கள் கிடந்த பலகை மஞ்சளித்து மேலே மாவு பூத்திருக்கும். அந்த மாவின் மேல் ஒட்டினால் மாவோடுதான் ஒட்டும். துணி ஒட்டப் போகிறீர்கள் என்றால் ஆணி பதித்த உருளையை ஒரு முறை ஓட்டிப் பொடித்துளைகள் போடுவதும் நல்லது. பசை அவற்றுக்குள் இறங்கி வேர்விட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். இந்தத் தேய்ப்பு வேலை யாருக்கும் பிடிக்காது. பிரிந்து போய் என் மேஜைக்கு வந்த பலகைகளில் பெரும்பாலானவற்றின் கதை இங்கேதான் தொடங்கியிருக்கிறது.

இனி கான்வாஸ். பருத்திக் கான்வாஸை நீர் தாங்கும் வகையான வெள்ளை மரப்பசையால் ஒட்டி, அதன் மேல் வெளிப்புறச் சுவர்களுக்கான அக்ரிலிக் பெயிண்டை நான்கைந்து கை அடிப்பது. நுரை வண்டி கட்டுகிறவர்களிடையே இது பரவலானதற்குக் காரணம் தெளிவு: நாற்றம் இல்லை, கையில் பட்டால் தண்ணீரில் கழுவலாம், தவறினால் ஈரம் காயும் முன் உரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம். ரெசின் தொடாதவருக்கு இதைவிட மென்மையான வழி கிடையாது. ஆனால் அதன் குணங்களைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். மரப்பசை தண்ணீரை இழந்துதான் இறுகுகிறது. மரத்தில் அந்தத் தண்ணீரை மரமே குடித்துவிடும். நுரை ஒரு சொட்டும் குடிக்காது. ஆகவே ஈரம் துணியின் வழியாக வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை. பசையைத் தடிமனாகப் பூசாதீர்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும் நாளிலேயே பெயிண்ட் அடித்து அந்த ஒரே வழியையும் அடைக்காதீர்கள். என் முதல் வண்டியில் அவசரப்பட்டு மறுநாளே அடித்தேன். முதல் வெயிலில் கூரை முழுவதும் கொப்புளம். அவற்றைக் கீறி, காயவிட்டு, பசை செலுத்தி ஒட்டி முடிப்பதற்கு, ஒட்டுவதற்கு ஆனதைவிட அதிக நாள் ஆயிற்று.

நனைந்த பருத்தி சுருங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். வெளிப்புற வளைவுகளில் இது நன்மை. துணி முரசுத் தோல்போல இறுகி உட்காரும். உட்புற மூலைகளில் அதே சுருக்கம் துணியை மூலையிலிருந்து இழுத்து, பின்னால் ஒரு காலி இடத்தை உண்டாக்கிவிடும். அங்கெல்லாம் துணியை மூலையிலேயே வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள். மரப்பசை சூட்டில் இளகும். தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல நகரும். அதனால்தான் கான்வாஸ் உறையை நான் மழைச்சட்டை வகையில் சேர்க்கிறேன். சுவரின் பாரத்தையும் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் தண்டின் உந்துதலையும் உள்ளே ஒரு மரச்சட்டம் வாங்கிக்கொள்ள, கான்வாஸ் நுரையைக் காத்துக்கொண்டிருந்தால், அது நன்றாகவே உழைக்கும். எத்தனை ஆண்டு என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்ல மாட்டேன். அது முழுக்க முழுக்கப் பெயிண்டைப் பொறுத்தது. விளிம்பில் ஒரு விரிசலை விட்டுவைத்தால் தண்ணீர் துணியின் இழை வழியே ஊர்ந்து உள்ளே போகும், பருத்தி பூஞ்சணம் பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை சுற்றிவந்து விளிம்புகளைத் தொட்டுப் பூசும் பொறுமை உள்ளவரின் கான்வாஸ் வண்டியும், இல்லாதவரின் வண்டியும் ஒன்றாக இருக்காது.

கண்ணாடி இழைத் துணியும் எபாக்சியும் என்னுடைய தொழில் என்பதால் நான் அதன் பக்கம் சாய்வேன். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டே படியுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த துணி ஒரு படிவம் (அடுக்கு), அதே அளவு எபாக்சி, அடியில் நுரையின் துளைகளை அடைக்க ஒரு மெல்லிய பூச்சு, மேலே நெசவுக் கண்களை நிரப்ப ஒன்று, பிறகு பெயிண்ட். எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 700 கிராம். கான்வாஸும் பசையும் பெயிண்டும் சேர்ந்தால் 900 கிராமைத் தொடும். துணி ஒட்டுவதுதான் எடை குறைவு என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது எப்போதும் வியப்பாக இருக்கும். அந்த ஒற்றைப் படிவத்தின் தடிமன் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் இழுவிசையில் கான்வாஸ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதன் பலவீனம் குத்து. கூரிய கல்லோ கிளையின் முனையோ பட்டால் நட்சத்திர வடிவில் வெடிக்கும். ஆகவே முன்சுவர், சக்கரத்துக்குப் பின்னால் கல் தெறிக்கும் இடம், கூரையின் ஓரம் ஆகியவற்றுக்கு இரண்டு படிவம் போடுங்கள். கதவு, ஜன்னல் திறப்புகளின் மூலைகளை வட்டமாக வெட்டி, அங்கே இழை மூலைக்குக் குறுக்காக ஓடும்படி ஒரு துண்டைக் கூடுதலாகப் போடுங்கள். செங்கோண மூலையில் விரிசல் விழுவதை நான் பார்க்காத படகு கிடையாது.

செய்முறையில் சில நுட்பங்கள் உண்டு. நெய்த துணியையே வாங்குங்கள். நறுக்கிய இழைகளை ஒட்டிச் செய்த பாய் மலிவாகக் கிடைக்கும். அதன் பிணைப்புப் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகவே செய்யப்பட்டது, எபாக்சியில் அது இளகாமல் முரண்டு பிடிக்கும். கூரிய விளிம்பில் கண்ணாடித் துணி படியாது. 10 மில்லிமீட்டர் ஆரமாவது இருக்கும்படி விளிம்புகளை உருட்டிவிடுங்கள். எபாக்சியைக் காலையில் பூசாதீர்கள். வெயில் ஏற ஏற நுரையின் அறைகளில் உள்ள வாயு விரிந்து, இறுகிக்கொண்டிருக்கும் ரெசினைத் தள்ளிக் குமிழியாக வெளியே வரும். பிற்பகலுக்குப் பிறகு, சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் நுரை மூச்சை உள்ளிழுக்கும், ரெசின் துளைகளில் நன்றாக இறங்கும். ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் அளப்பதில் கண் மதிப்புக்கு இடமே இல்லை. பாலியஸ்டரில் ஹார்டனரைச் சிறிது கூட்டி வேகப்படுத்தலாம், எபாக்சியில் அப்படிச் செய்தால் என்றைக்கும் இறுகாத பிசின்தான் மிஞ்சும். இறுகிய எபாக்சியின் மேல் சில சமயம் மெழுகுபோல ஒரு படலம் மிதக்கும். அடுத்த பூச்சுக்கு முன் அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகே தேய்க்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். எபாக்சி ஒவ்வாமை முதல் நாளே வரலாம், பத்தாவது ஆண்டிலும் வரலாம்; வந்துவிட்டால் போகாது. என்னோடு வேலை பார்த்த நல்ல கைகாரர் ஒருவர் அதனாலேயே தொழிலை விட்டார்.

இந்த முறை ஒன்றும் புதிய சோதனை அல்ல. 1975-இல் பறந்த வேரிஈஸி, 1979-இல் பறந்த லாங்-ஈஸி என்ற சிறு விமானங்களை பர்ட் ரூட்டன் இப்படித்தான் வடிவமைத்தார்: சூடான கம்பியால் வெட்டிய பாலிஸ்டைரீன் நுரை இறக்கை, அதன் மேல் கண்ணாடி இழையும் எபாக்சியும், அச்சு எதுவும் கிடையாது. தம் வீட்டுக் கொட்டகையில் அவற்றைக் கட்டியவர்கள் ஏராளம். அந்த விமானங்களின் படங்களைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே வெள்ளையாக இருக்கும். அழகுக்காக அல்ல. அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சிகளில் பல 50, 60 பாகை செல்சியஸுக்கு மேல் மென்மையாகத் தொடங்கும்; எக்ஸ்.பி.எஸ். நுரைக்கே 75 பாகைக்கு மேல் ஆகாது. வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு அந்த எல்லையை எளிதாக எட்டும். நீங்கள் அடர் பச்சை அடிக்க ஆசைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். கான்வாஸுக்கும் இதே விதிதான். எபாக்சி வெயிலில் பட்டால் மங்கிச் சுண்ணாம்பாக உதிரும் என்பதால், பெயிண்டே அடிக்காமல் விடுவதும் முடியாது.

பிளைவுட்டை இக்காலத்தில் பலர் பழைய பொருள் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 3 மில்லிமீட்டர் பிளைவுட் சதுர மீட்டருக்கு 1.5 கிலோவுக்குச் சற்று மேலே வரும். இந்த நான்கில் குத்துக்கு நன்றாகத் தாங்குவது இது. திருகு கொஞ்சமாவது பிடிப்பதும் இதில்தான். ஒட்டுவதற்கு ஈரத்தால் இறுகும் பாலியூரித்தேன் பசை பொருந்தும்; பிளைவுட்டின் பக்கத்தை லேசாக நனைத்து, மெல்லிய படலமாகத் தடவி, பரப்பு முழுவதும் சீராகப் பாரம் ஏற்றி வையுங்கள். நான்கு மூலைகளில் நான்கு கல்லை வைத்தால் மூலைகள் ஒட்டும், நடு ஒட்டாது. பலகையை உள்ளே வைத்துக் காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பையும் பம்பும் கிடைத்தால் அதைவிடச் சீரான பாரம் கிடையாது. அரை வளிமண்டல அழுத்தமே ஒரு சதுர மீட்டருக்கு 5 டன் எடை வைத்ததற்குச் சமம், நல்ல எக்ஸ்.பி.எஸ். அதைத் தாங்கும். பிளைவுட்டின் எதிரி தண்ணீர். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றையும் எபாக்சியாலோ நல்ல பிரைமராலோ குடிக்கக் குடிக்கப் பூசி மூட வேண்டும். இரண்டு திசைகளிலும் வளையும் வடிவத்தின் மேல் இது படியாது. தட்டைச் சுவருக்கும் ஒரே திசையில் வளையும் கூரைக்கும் மட்டும்தான்.

அலுமினியத்தின் கணக்கு எளிது: 1 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 2.7 கிலோ. மழை, வெயில், பூஞ்சணம் எதற்கும் அசையாது, பெயிண்டே தேவையில்லை. ஆனால் மரப்பசை இங்கே அறவே உதவாது. நுரையும் குடிக்காது, தகடும் குடிக்காது; நடுவில் மாட்டிய தண்ணீர் மாதக் கணக்கில் அப்படியே நிற்கும். எபாக்சியோ பாலியூரித்தேனோதான் வேண்டும், அதற்கும் முன்னால் தகட்டை எண்ணெய் நீக்கி, சொரசொரப்பாக்கி, தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். விட்டுவைத்தால் மேலே ஆக்சைடு படலம் மறுபடி தடித்துவிடும். 2 மீட்டர் நீளத் தகடு, இரவுக் குளிருக்கும் வெயில் உச்சிக்கும் இடையே 50 பாகை மாறினால், 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். வீட்டில் ஒட்டிய ஒட்டு இந்தத் தினசரி இழுபறியை எவ்வளவு காலம் தாங்கும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அதனால் அலுமினியம் என்றால் நான் அதை ஒட்டாமல், ஓரங்களில் மட்டும் பட்டையால் பிடித்து மிதக்க விடுவேன். அப்படிச் செய்தால் உள்ளே முழுச் சட்டம் வேண்டும், நுரை வெறும் வெப்பத் தடுப்பாகிவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகை அலுமினியத்தில் நேராக இறக்கினால், உப்புக் காற்றில் திருகைச் சுற்றி அலுமினியம் அரித்துப் போகும். சீலண்ட் தடவி இறக்குங்கள்.

ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபைபர் கிளாஸ் தகடுகளைப் பற்றி ஒரு வரி போதும்: நல்லவை, ஆனால் உங்கள் எடை வரம்புக்குக் கனம். தெளித்து இறுகும் பாலியூரியா ரப்பர் பூச்சு கிழியாது, கல்லுக்கு அஞ்சாது. விறைப்பு தராது, 1 மில்லிமீட்டருக்கே சதுர மீட்டருக்கு ஒரு கிலோ ஆகும், தெளிக்கும் கருவியும் வீட்டில் இருக்கப் போவதில்லை.

எடைக்கு நீங்கள் வரம்பு வைத்திருப்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் தரை நீங்கலாகச் சுவரும் கூரையும் 13 சதுர மீட்டர். உள்ளும் புறமும் சேர்த்து உறை 26 சதுர மீட்டர். நுரை 18 கிலோ. உறை இருபுறமும் கண்ணாடி இழை என்றால் 18 கிலோ, கான்வாஸ் என்றால் 23, பிளைவுட் என்றால் 40-க்கு மேல், 1 மில்லிமீட்டர் அலுமினியம் என்றால் 70. மிக இலேசானதற்கும் பிளைவுட்டுக்கும் உள்ள வித்தியாசம் 25 கிலோ பக்கம். அதை எஃகுச் சேஸின் ஒரு குறுக்குச் சட்டத்திலும், உள்ளே வைக்கும் அலமாரியிலும், தண்ணீர்க் கேனிலும் மிச்சம் பிடித்துவிடலாம். உறையில் கிராம் கிராமாகக் கஞ்சத்தனம் செய்துவிட்டு, உள்ளே 18 மில்லிமீட்டர் பலகையில் கட்டில் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பலத்தைப் பற்றியும் அதிகம் பயப்பட வேண்டாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நேர் எதிரே வரும் காற்று தரும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. ஒழுங்காக ஒட்டிய எந்தச் சுவரும் அதைத் தாங்கும். உடைவது சுவரின் நடுவில் நடப்பதில்லை. கீல், தாழ்ப்பாள், கூரைக் கம்பி, சேஸோடு போல்ட் போடும் இடம் என்று பாரம் ஒரு புள்ளியில் குவியும் இடங்களில்தான். அந்த ஒவ்வொரு இடத்திலும் நுரையைத் தோண்டி, மரத் துண்டைப் புதைத்து, அதன் மேல் உறை வரும்படி செய்யுங்கள். நுரையின் குறுக்கே வெறும் போல்டை விட்டு இறுக்கினால் நுரை நசுங்கிக்கொண்டே போகும், நீங்களும் இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

உள்ளுறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; அதையும் சேர்த்தே யோசியுங்கள். இரண்டு பேர் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வெளியாகும். நுரை குளிரைத் தடுப்பதால் சுவர் அவ்வளவாக நனையாது, உலோகமும் ஜன்னலும் நனையும். கூரையில் ஒன்றும் கீழே ஒன்றுமாகக் காற்றுத் துளை வையுங்கள். இன்னொன்று நெருப்பு. பாலிஸ்டைரீன் எரியும், கரும்புகை கக்கும், உருகிச் சொட்டும். தீத்தடுப்பி கலந்த பலகை சிறு பொறியைச் சமாளிக்கும், பிடித்த தீயைச் சமாளிக்காது. கட்டடங்களில் நுரையை ஜிப்சம் பலகையால் மூடுகிறார்கள். அந்தக் கனத்தை உங்கள் வண்டி ஏற்காது. ஆகவே நான் சொன்ன எந்த உறையும் உங்களைத் தீயிலிருந்து காக்கும் என்று எண்ணாதீர்கள். அடுப்பு வண்டிக்கு வெளியே, வெளியேற இரண்டு வழி, உள்ளே புகை எச்சரிக்கைக் கருவி. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு ஒன்றுமில்லை.

என் கையில் உங்கள் வண்டி இருந்தால்: வெளியே கண்ணாடி இழையும் எபாக்சியும், உள்ளே பக்கச் சுவர்களுக்கு 3 மில்லிமீட்டர் பிளைவுட், ஏனென்றால் கொக்கியும் அலமாரியும் மாட்ட அது பிடிமானம் தரும், உட்கூரைக்கும் முன் பின் சுவர்களின் உட்புறத்துக்கும் கான்வாஸ். நுரையோடு சேர்த்து 43 கிலோ பக்கம் நிற்கும்; தரையும் கதவும் மரத் துண்டுகளும் தனி. கொட்டகையில் 15 பாகைக்குக் கீழே குளிர் இருந்தாலோ, தூசும் ரெசினும் ஆகாத உடம்பு என்றாலோ, தயங்காமல் வெளியேயும் கான்வாஸுக்குப் போங்கள், ஆனால் மரச்சட்டம் கட்டிய பிறகு.

எதை வாங்குவதற்கு முன்னும் அதே நுரையில் 30-க்கு 30 சென்டிமீட்டர் துண்டுகள் ஆறு வெட்டுங்கள். மூன்றைத் தேய்த்தும் மூன்றைத் தேய்க்காமலும் விட்டு, நீங்கள் நினைக்கும் உறையை நினைக்கும் பசையால் ஒட்டுங்கள். ஒரு விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டாமல் விடுங்கள், பிடித்து இழுக்க அது வேண்டும். ஒரு வாரம் காயட்டும். பிறகு ஒரு நாள் தண்ணீரில், ஒரு நாள் உறைபெட்டியில், ஒரு நாள் வெயிலில் என்று மூன்று சுற்று. நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி நடுவில் எங்காவது மந்தமானால் அங்கே காற்று இருக்கிறது. கடைசியில் விளிம்பைப் பிடித்து உரியுங்கள். உறையின் பின்புறம் முழுவதும் நுரை பிய்ந்து ஒட்டிக்கொண்டு வந்தால் பசை நுரையைவிட வலுவாக இருக்கிறது, அதற்குமேல் எதுவும் வேண்டாம். உறை சுத்தமாக, நுரையின் ஒரு துகள்கூட இல்லாமல் கழன்று வந்தால், எந்தப் பொருளாக இருந்தாலும் அந்தச் சேர்க்கையை விட்டுவிடுங்கள். உரித்த ஆறு துண்டுகளின் பின்பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். எத்தனை படிவம், எந்த இடத்தில் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.